பத்தாம் படிநிலையும் பக்கத்து வீட்டுத் தாயும்: வடசென்னையில் பாலூட்டும் தாய்மார்க்கான சக தாய் ஆதரவு – ஒரு விளக்க ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் மருத்துவமனையிலேயே பிறக்கின்றன. ஆயினும், பிறந்து ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே பெறும் குழந்தைகளின் விழுக்காட்டில் தமிழ்நாடு இந்தியச் சராசரியை எட்டவில்லை. இவ்விடைவெளியின் பெரும்பகுதி, தாய் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபின் வரும் நாள்களில் உருவாகிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். அந்நாள்களில் தாய்க்குத் துணைநிற்கும் ‘சக தாய் ஆதரவு’ என்னும் முறையின் தோற்றம், இயங்குமுறை, ஆய்வுச் சான்றுகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய வடசென்னைத் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியின் வாழ்நிலைக்கு அம்முறை எவ்வாறு பொருந்தும் என்பதையும், தன்னார்வ உழைப்பு குறித்து எழும் வினாக்களையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தாய்ப்பால், சக தாய் ஆதரவு, ஆதரவுத் தாய், வடசென்னை, மீனவக் குடியிருப்பு, மறுகுடியமர்வு, தன்னார்வ உழைப்பு.

முன்னுரை

இராயபுரத்தில் உள்ள அரசு ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை வடசென்னை மக்களின் பேச்சில் ‘புள்ளபெத்த ஆஸ்பத்திரி’ வகையைச் சேர்ந்த ஓர் இடம் மட்டுமன்று. தலைமுறைகளின் நினைவோடு கலந்த நிறுவனம். பாட்டி, தாய், மகள் என மூவரும் ஒரே மருத்துவமனையில் குழந்தை பெற்ற குடும்பங்கள் இப்பகுதியில் இருப்பது வியப்புக்குரியதன்று. பேறுகாலப் பாதுகாப்பில் தமிழ்நாடு அடைந்துள்ள முன்னேற்றத்தின் அடித்தளம் இத்தகைய அரசு நிறுவனங்களே.

ஆனால், மருத்துவமனையின் வாயிலைத் தாண்டித் தாயும் சேயும் ஆட்டோவில் ஏறும் கணத்திலிருந்து வேறொரு காலம் தொடங்குகிறது. பால் சுரக்கிறதா, குழந்தைக்குப் போதுகிறதா, அழுகை பசியாலா வேறு காரணத்தாலா என்னும் வினாக்கள் பெரும்பாலும் அதன்பிறகே எழுகின்றன. அவ்வினாக்களுக்கு யார் விடை சொல்கிறார் என்பதைப் பொறுத்தே குழந்தை தாய்ப்பாலில் தொடர்வதும், பால்மாவுக்கு மாறுவதும் அமைகின்றன. இந்த விடை சொல்லும் இடத்தில், தானும் பாலூட்டி அனுபவம் பெற்ற, அதே தெருவைச் சேர்ந்த, அடிப்படைப் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணை நிறுத்துவதே சக தாய் ஆதரவு எனப்படும். இக்கட்டுரையில் அத்தகைய பெண் ‘ஆதரவுத் தாய்’ எனக் குறிக்கப்பெறுகிறார்.

1. மருத்துவமனைப் பிறப்பும் தாய்ப்பால் இடைவெளியும்

2019–21 காலத்தில் நடத்தப்பெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இச்சிக்கலைத் தெளிவாக்குகிறது. தமிழ்நாட்டில் 99.6 விழுக்காட்டுப் பிறப்புகள் மருத்துவ நிறுவனங்களில் நிகழ்ந்துள்ளன. இந்திய அளவில் இது 88.6 விழுக்காடு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் தமிழ்நாட்டில் 60.2 விழுக்காட்டினர், இந்திய அளவில் 41.8 விழுக்காட்டினர். இவ்விரண்டிலும் தமிழ்நாடு முன்னிற்கிறது.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெறுவோரை நோக்கும்போது நிலை தலைகீழாகிறது. இந்திய அளவில் 63.7 விழுக்காடாக உள்ள இவ்வளவு, தமிழ்நாட்டில் 55.1 விழுக்காடாகவே உள்ளது. 2015–16 கணக்கெடுப்பில் இருந்த 48.3 விழுக்காட்டைவிட இது உயர்வே. எனினும், தொடக்கத்தில் முன்னிற்கும் மாநிலம் தொடர்ச்சியில் பின்தங்குவது கருதத்தக்கது.

இவ்வெண்ணைப் படிக்கும் முறையிலும் கவனம் தேவை. கணக்கெடுப்புக்கு முந்தைய 24 மணி நேரத்தில் குழந்தை என்ன உட்கொண்டது என்பதே கேட்கப்படுகிறது. பிறந்து சில நாள்களான குழந்தையும் ஐந்து மாதக் குழந்தையும் ஒரே தொகுப்பில் அடங்குகின்றன. எனவே, முழு ஆறு மாதங்களும் தாய்ப்பால் மட்டுமே பெற்ற குழந்தைகளின் உண்மையான பங்கு, 55.1 விழுக்காட்டினும் குறைவாகவே இருக்கும்.

அறுவைப் பேறும் ஒரு காரணியாகும். தமிழ்நாட்டுப் பிறப்புகளில் 44.9 விழுக்காடு அறுவை வழி நிகழ்ந்துள்ளது; இந்திய அளவில் இது 21.5 விழுக்காடு. தையல் வலியோடு எழுந்து அமரவே துணை தேவைப்படும் தாய்க்கு முதல் பாலூட்டல் தாமதமாவது இயல்பு. ஆயினும், அறுவைப் பேறு பாலூட்டலைத் தடுப்பதில்லை. கூடுதலான துணையைக் கோருகிறது. அத்துணை கிடைக்கிறதா என்பதே வினா.

2. முதல் இரு வாரங்கள்: பால் சுரப்பின் இயங்குமுறை

வீடு திரும்பிய நாள்கள் ஏன் முதன்மை பெறுகின்றன என்பதை அறிய, பால் சுரப்பின் படிநிலைகளை நோக்க வேண்டும். கருவுற்ற காலத்தின் பிற்பகுதியிலேயே மார்பகத்தில் சீம்பால் உருவாகத் தொடங்குகிறது. நச்சுக்கொடி வெளியேறியதும் புரொஜெஸ்டிரான் இயக்குநீர் சரிந்து, புரொலாக்டின் முழுமையாகச் செயற்படுகிறது. இதன் விளைவாக இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையிலான இடைவெளியில் பால் பெருகிச் சுரக்கிறது. அறுவைப் பேற்றிலும், முதற்பேற்றிலும் இது சற்றுத் தாமதமாகலாம்.

இயல்பான பேறு எனில் தாயைக் குறைந்தது 48 மணி நேரம் தங்கவைப்பது அரசு மருத்துவமனைகளின் நெறி. அதாவது, பல தாய்மார் பால் பெருகும் முன்னரோ, பெருகத் தொடங்கும் வேளையிலோ வீடு திரும்புகின்றனர். மார்பில் பால் கட்டிக்கொள்ளுதல், காம்பு வெடிப்பு, குழந்தை சரியாக வாய்பற்றாமை ஆகிய இடர்கள் செவிலியர் அருகில் இல்லாத வீட்டில்தான் வெளிப்படுகின்றன.

இந்நாள்களில் தாயையும் உறவினரையும் அச்சுறுத்தும் மூன்று இயல்பான நிகழ்வுகள் உள்ளன. முதலாவது, சீம்பாலின் குறைந்த அளவு. பிறந்த முதல் நாளில் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குச் சில மில்லிலிட்டர் மட்டுமே கொள்ளும். சீம்பாலின் அளவு அதற்குப் பொருத்தமானது. இரண்டாவது, எடைக்குறைவு. முதல் சில நாள்களில் பிறப்பெடையில் 7 விழுக்காடு வரை குறைவதும், ஏறத்தாழ இரு வாரங்களுக்குள் அது மீள்வதும் இயல்பு. மூன்றாவது, அடிக்கடி பால் கேட்டல். ஒரு நாளில் 8 முதல் 12 முறை வரை பாலூட்டுவது பிறந்த குழந்தைக்குரிய இயல்பான அளவாகும்.

இவற்றை அறியாத சூழலில் ‘பால் பத்தல’ என்னும் முடிவு விரைவில் எட்டப்படுகிறது. முடிவு எட்டப்பட்டதும் பால்மாவு வருகிறது. புட்டிப்பால் குடித்த குழந்தை மார்பில் சப்புவது குறைகிறது. சப்புதல் குறைந்தால் சுரப்பும் குறையும். பால் சுரப்பு, மார்பிலிருந்து எவ்வளவு பால் வெளியேறுகிறதோ அதற்கேற்பவே அமைகிறது. தொடக்கத்தில் தவறான கணிப்பாக இருந்த ‘பால் பத்தல’ என்பது, சில நாள்களில் உண்மையாகிவிடுகிறது. மேலும், பால் வெளிப்பாட்டைத் தூண்டும் ஆக்சிடோசின் இயக்குநீர் தாயின் அச்சத்தாலும் வலியாலும் தற்காலிகமாகத் தடைபடுகிறது. ஆகவே, தாய்க்குக் கிடைக்கும் ஆறுதலான சொல் உடலியல் விளைவையும் உண்டாக்குகிறது எனலாம்.

இந்த வட்டத்தை உடைக்கத் தேவையான அறிவு எளிது. ஐந்தாம் நாளுக்குப்பின் குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிக்கிறதா, எடை மீள்கிறதா, காம்பு மட்டுமன்றிக் கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாயினுள் உள்ளதா என நோக்கத் தெரிந்த ஒருவர், உரிய நாளில் அருகில் இருந்தால் போதும்.

3. பத்தாம் படிநிலையின் வரலாறு

தாய்க்குத் தாய் உதவுவதை அமைப்பாக்கும் முயற்சி 1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கியது. அங்கு ஏழு பெண்கள் ‘லா லெச்சே லீக்’ என்னும் அமைப்பை நிறுவினர். மருத்துவமனைகளும் பால்மாவு நிறுவனங்களும் புட்டிப்பாலை இயல்பாக்கியிருந்த காலம் அது. வீட்டுக் கூடத்தில் தாய்மார் கூடிப் பேசுவதே அவ்வமைப்பின் முறை. 1964இல் ஆஸ்திரேலியாவிலும், 1968இல் நார்வேயிலும் இவ்வகை அமைப்புகள் தோன்றின.

1989ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனமும் யூனிசெப்பும் இணைந்து வெற்றிகரமான பாலூட்டலுக்கான பத்துப் படிநிலைகளை வெளியிட்டன. முதல் ஒன்பதும் மருத்துவமனைக்குள் செய்ய வேண்டியவை. பத்தாவது, பாலூட்டும் தாய்மார்க்கான ஆதரவுக் குழுக்கள் உருவாக ஊக்கமளித்து, வீடு திரும்பும் தாயை அவற்றிடம் ஆற்றுப்படுத்த வேண்டும் என்பதாகும். 1991இல் தொடங்கிய குழந்தைநேய மருத்துவமனைத் திட்டம் இப்படிநிலைகளின் அடிப்படையிலானது. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியத் தாய்ப்பால் ஊக்குவிப்பு வலையமைப்பு தோன்றியது. 2018இல் படிநிலைகள் திருத்தப்பெற்றபோது பத்தாவது படிநிலை, வீடு திரும்பும் பெற்றோர்க்குத் தொடர்ச்சியான ஆதரவும் கவனிப்பும் உரிய காலத்தில் கிடைக்கும்படி ஒருங்கிணைத்தல் என விரிவாக்கப்பெற்றது.

பத்தில் இப்படிநிலை மட்டும் மருத்துவமனையின் சுவருக்கு வெளியே நிறைவேற வேண்டியது. மருத்துவமனை தன் முயற்சியால் மட்டுமே இதை முடிக்க இயலாது. அனுப்பிவைக்க வெளியே ஒரு குழு இருக்க வேண்டும். அக்குழு இல்லாதவிடத்து இப்படிநிலை ஓர் அறிவுரைத் தாளாகச் சுருங்குகிறது.

தமிழ்நாட்டு அரசின் தாய்ப்பால் சார்ந்த முயற்சிகள் குறிப்பிடத்தக்கவை. 2014இல் அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகள் அமைக்கப்பெற்றன. 2015 ஆகஸ்டில் பேருந்து நிலையங்களில் 352 பாலூட்டும் அறைகள் திறக்கப்பெற்றன. இவை குறைமாதக் குழந்தைகளுக்கும் பயணம் செய்யும் தாய்மார்க்கும் பயனளிப்பவை. எனினும், வங்கியும் அறையும் இடம் சார்ந்த வசதிகள். வீட்டில் இருக்கும் பத்து நாள் தாயிடம் சென்று சேர்வதற்கு ஆள் சார்ந்த ஏற்பாடு தேவை.

4. சக தாய் ஆதரவு: கருத்தும் சான்றும்

கனடிய ஆய்வாளர் சிண்டி-லீ டென்னிஸ், சக ஆதரவு மூன்று கூறுகளைக் கொண்டது என விளக்குகிறார். அவை உணர்வு ஆதரவு, தகவல் ஆதரவு, மதிப்பீட்டு ஆதரவு என்பன. முதலிரண்டும் எளிதில் விளங்குவன. மூன்றாவது, ‘நீ செய்வது சரிதான், எனக்கும் இப்படித்தான் இருந்தது’ எனத் தாயின் நடைமுறையை உறுதிப்படுத்துவது. மருத்துவரால் தகவல் தர இயலும். செவிலியரால் ஆறுதலும் கூற இயலும். ஆனால், ‘எனக்கும்’ என்னும் சொல்லை அனுபவத்தோடு சொல்வது, அதே நிலையைக் கடந்துவந்த பெண்ணுக்கே இயலும்.

வடசென்னைப் பேச்சுவழக்கில் மருத்துவமனைச் செவிலியர் ‘சிஸ்டர்’ என்றும், மருத்துவர் ‘டாக்டரம்மா’ என்றும் விளிக்கப்பெறுகின்றனர். தெருவில் இரண்டு குழந்தைகளை வளர்த்த மூத்த பெண் ‘அக்கா’ ஆகிறார். சிஸ்டரிடம் கேட்கத் தயங்கும் வினாக்கள் அக்காவிடம் கேட்கப்படுகின்றன. சக தாய் ஆதரவு என்னும் கருத்தின் உட்பொருளை இவ்விளிச்சொல்லே விளக்கிவிடுகிறது.

இம்முறையின் பயனைச் சோதித்த கட்டுப்பாட்டு ஆய்வுகளுள் இரண்டு, நகர்ப்புற உழைக்கும் மக்கள் பகுதிகளுக்குப் பெரிதும் பொருந்துவன. 1999இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த மெக்சிகோ நகரப் புறநகர் ஆய்வில், ஆறு முறை வீட்டுக்கு வருகை பெற்ற தாய்மாருள் 67 விழுக்காட்டினரும், மூன்று முறை வருகை பெற்றோருள் 50 விழுக்காட்டினரும் மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே ஊட்டினர். வருகை பெறாதோரிடையே இது 12 விழுக்காடு. 2000ஆம் ஆண்டு அதே இதழில் வெளிவந்த டாக்கா ஆய்வில், ஐந்தாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே ஊட்டியோர் ஆதரவு பெற்ற குழுவில் 70 விழுக்காடு. ஏனைய குழுவில் 6 விழுக்காடு. டாக்காவின் ஆதரவுத் தாய்மார் அப்பகுதிப் பெண்களே. அவர்கள் பெற்ற பயிற்சி 40 மணி நேரம். ஒவ்வொரு தாய்க்கும் திட்டமிடப்பெற்ற வருகைகள் 15. அவை கருவுற்ற இறுதி மாதங்களில் தொடங்கி, பேற்றை அடுத்த நாள்களில் நெருங்கி அமைந்து, பின்னர் ஐந்தாம் மாதம் வரை தொடர்ந்தன.

எதிர்ச்சான்றும் நோக்கத்தக்கது. 2012இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, குறைந்த, இடைநிலை வருவாய் நாடுகளில் சக ஆதரவு தெளிவான பயனளிப்பதையும், பேற்றுக்குப் பிந்தைய பாலூட்டல் ஆதரவு வழக்கமான சுகாதாரப் பணியிலேயே அடங்கியுள்ள பிரிட்டனில் பயன் புலப்படாமையையும் காட்டியது. இதிலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன. வீட்டுக்கு வருவோர் ஏற்கெனவே உள்ள இடத்தில் இம்முறை புதிதாகச் சேர்ப்பது சிறிது. வருகைகளின் எண்ணிக்கை குறையுமிடத்துப் பயனும் குறைகிறது.

5. வடசென்னையின் வாழ்நிலை

லா லெச்சே லீக்கின் கூட்ட முறை, பகற்பொழுதில் ஓய்வுள்ள நடுத்தர வகுப்புத் தாய்மாரிடையே பிறந்தது. டாக்காவின் வருகை முறை, நெருக்கமான உழைக்கும் மக்கள் குடியிருப்புகளுக்காக வடிவமைக்கப்பெற்றது. வடசென்னைக்கு எது பொருந்தும் என்பதைப் பின்வரும் நான்கு நிலைகளில் காணலாம்.

5.1 தாய்வீடும் மறுகுடியமர்வும்

முதற்பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் தமிழ் மரபு, ஒருவகையில் பழைய சக ஆதரவு ஏற்பாடே. கடலோரக் குப்பங்களில் தாய்வீடும் புகுந்த வீடும் பல வேளைகளில் சில தெருக்களுக்குள்ளேயே அமைந்திருந்தன. தாய், பெரியம்மா, அக்கா, அண்டை வீட்டுப் பெண் எனப் பலர் சூழ்ந்த இடத்தில் புதிய தாய்க்குத் துணை தேட வேண்டியிருக்கவில்லை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப்பின் வடசென்னைக் கடலோரக் குடும்பங்கள் பல எர்ணாவூரில் எழுப்பப்பெற்ற சுனாமிக் குடியிருப்புகளில் குடியமர்த்தப்பெற்றன. அடுக்குமாடி வீடு, புயலுக்கு அஞ்சாத கூரையைத் தந்தது. ஆனால், வீட்டு ஒதுக்கீடு தெருவையும் உறவையும் அளவாகக் கொள்ளாதபோது, முன்பு திண்ணையளவில் இருந்த உதவி, பேருந்துப் பயணமளவு விலகிவிடுகிறது. மறுகுடியமர்வு குறித்த விவாதங்களில் வேலை, பள்ளி, குடிநீர் ஆகியவற்றின் இழப்பு பேசப்படுகிறது. பேறுகாலத் துணையின் இழப்பும் அவ்வரிசையில் சேர்க்கத்தக்கது. ஒரு கட்டடத்துக்கு அல்லது தளத் தொகுதிக்கு ஓர் ஆதரவுத் தாய் என்னும் ஏற்பாடு, இழந்த துணையைப் புதிய இடத்தில் மீட்கும் வழியாகலாம்.

5.2 உழைப்பின் நேரம்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏலம் விடியற்காலைக்கு முன்பே நடைபெறுகிறது. மீன் விற்கும் பெண்ணின் நாள் அங்கே தொடங்கித் தெருவோரச் சந்தையில் முடிகிறது. வீட்டு வேலை, மீன் உலர்த்தல், சிறு பட்டறைப் பணி ஆகியவற்றைச் செய்யும் பெண்களின் நிலையும் இதை ஒத்ததே. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. ஆனால், கூடையும் தராசும் கொண்டு தன் தொழிலைத் தானே செய்யும் பெண்ணுக்கு விடுப்பு அளிக்கும் முதலாளி எவருமில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 2018 முதல் ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் உட்பட 18,000 ரூபாய் அளவிலான உதவியை வழங்குவது இத்தாய்மார்க்குரிய முதன்மையான பாதுகாப்பாகும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக் குடும்பங்களின் வருவாய் சுருங்குகிறது. அக்காலத்தில் குழந்தை பெற்ற தாய், தொழிலுக்கு விரைந்து திரும்பும் நெருக்கடிக்கு உள்ளாகலாம். இத்தகைய தாய்க்குத் ‘தாய்ப்பாலே சிறந்தது’ என்னும் முழக்கம் குற்றவுணர்வையே தரும். பாலைக் கையால் பீய்ச்சித் தூய்மையான மூடிய பாத்திரத்தில் வைத்து, தான் இல்லாத வேளையில் பாலாடையால் புகட்டச் செய்யும் முறையை யாரேனும் செய்து காட்டினால் அதுவே பயன்தரும். மாத ஒருநாள் பிற்பகல் கூட்டம் இத்தாய்க்கு எட்டாது. அவள் வீட்டிலிருக்கும் நேரமறிந்து வரும் அண்டைப் பெண்ணே எட்டுவார்.

5.3 உணவு மரபும் ஐயங்களும்

கடலோரத் தமிழ் மரபில் பாலூட்டும் தாய்க்குப் பால்சுறாப் புட்டும் பூண்டும் முதன்மை பெறுகின்றன. இவ்வுணவு தாய்க்குப் புரதம் தருவதோடு, ‘உன் உடம்பைத் தேற்றுகிறோம்’ என்னும் குடும்பத்தின் அக்கறையையும் உணர்த்துகிறது. அதேவேளை, சுறா போன்ற பெரிய ஊனுண்ணி மீன்களில் மெத்தில் பாதரசம் சேர்வதால், கருவுற்றோரும் பாலூட்டுவோரும் அவற்றைத் தவிர்க்குமாறு அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் அறிவுறுத்துகிறது. நெத்திலி, மத்தி போன்ற சிறுமீன்கள் பாதரசம் குறைந்தவை. மரபைப் பழிக்காமல் இம்மாற்றைப் பரிந்துரைக்க, அம்மரபுக்குள்ளேயே சமைத்து உண்ட பெண்ணுக்கே சொல்லுரிமை மிகுதி.

பிறந்தவுடன் சேனை தொட்டு வைத்தல், வெயில் காலத்தில் தண்ணீர் புகட்டல், உரைமருந்து கொடுத்தல் ஆகியவையும் தாய்ப்பால் மட்டுமே என்னும் நெறியோடு முரண்படுவன. தாய்ப்பாலில் பெரும்பகுதி நீரே ஆதலின், சென்னையின் சித்திரை வெயிலிலும் ஆறு மாதம் வரை தனியே தண்ணீர் தேவையில்லை. இச்செய்தியைத் தாய் மட்டும் அறிந்தால் போதாது. மாமியாரும் அறிய வேண்டும். ஆதரவுத் தாயின் வருகை வீட்டு மூத்த பெண்களையும் உள்ளடக்கியதாக அமைய வேண்டியதன் காரணம் இதுவே.

சாம்பலும் புகையும் சூழ்ந்த எண்ணூர், மணலிப் பகுதிகளில் ‘என் பாலும் கெட்டிருக்குமோ’ என்னும் ஐயம் எழுவதும் இயற்கை. மாசுபட்ட சூழலில் குழந்தை சுவாசிக்கும் காற்றும் பால்மாவைக் கரைக்கும் நீரும் அதே சூழலைச் சேர்ந்தவையே. தாய்ப்பாலை நிறுத்துவதால் அம்மாசிலிருந்து குழந்தை விடுபடுவதில்லை. நோயெதிர்ப்புப் பொருள்களை மட்டும் இழக்கிறது. இதைச் சொல்லும்போது, மாசுக்குரிய பொறுப்பு தொழிற்சாலைகளையும் ஒழுங்குபடுத்தும் அமைப்புகளையும் சார்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையாகும்.

5.4 பேரிடர்க் காலம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய்ப் படலம் பரவியது. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில் உர ஆலைக்கான கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததால் பெரியகுப்பம், சின்னகுப்பம் முதலிய ஊர்களின் மக்கள் உறக்கத்தினின்று எழுந்து வெளியேறினர். இத்தகைய இரவில் கைக்குழந்தையோடு வெளியேறும் தாயிடம் அடுப்போ, கொதிநீரோ, புட்டி கழுவ இடமோ இருப்பதில்லை. தாய்ப்பால் மட்டுமே எங்கும் உடன்வரும் உணவு.

எனினும், நிவாரண முகாம்களில் நல்லெண்ணத்தோடு பால்மாவு வழங்குவது உலகெங்கும் காணப்படும் வழக்கம். தூய நீர் இல்லாதவிடத்து அது வயிற்றுப்போக்குக்கு வழிகோலும். 1992ஆம் ஆண்டு இயற்றப்பெற்று 2003இல் திருத்தப்பெற்ற குழந்தைப் பால் மாற்றுப்பொருள்கள், பாலூட்டும் புட்டிகள், குழந்தை உணவுகள் ஒழுங்குமுறைச் சட்டம், இப்பொருள்களின் விளம்பரத்தையும் தாய்மார்க்கு இலவச மாதிரிகள் வழங்குவதையும் தடைசெய்கிறது. முகாமில் பாலூட்டும் தாய்க்கு மறைவான இடம், குடிநீர், உணவு ஆகியவற்றை முதலில் கேட்டுப்பெறவும், தாய்ப்பால் பெற வழியற்ற குழந்தையைத் தனியே அடையாளம் காட்டவும் ஊரறிந்த ஆதரவுத் தாயால் இயலும்.

6. தமிழ்ச் சூழலில் முன்மாதிரிகள்

இம்முறை தமிழ்நாட்டுக்கு முற்றிலும் புதியதன்று. 1980இல் உலக வங்கி உதவியுடன் ஊரகப் பகுதிகளில் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், சமூக ஊட்டச்சத்துப் பணியாளர்கள் அந்தந்த ஊரிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பெற்றனர். ஏழ்மையிலும் தம் குழந்தைகளை நலமாக வளர்த்த பெண்களுக்கு முன்னுரிமை தரப்பெற்றது. ‘உன்னைப் போன்ற நிலையில்தான் நானும் செய்தேன்’ எனக் கூறத்தக்கவரே பிறருக்கு வழிகாட்ட இயலும் என்பது அதன் உட்கருத்து. ஊர்ப் பெண்களைக் கொண்ட பணிக்குழுக்களும் அத்திட்டத்தில் இயங்கின. நகர்ப்புற உழைக்கும் மக்கள் பகுதிகளுக்கு இக்கூறு விரிவாக்கம் பெறவில்லை.

இலங்கையின் அனுபவமும் ஒப்புநோக்கத்தக்கது. அங்குக் குடும்பநல மருத்துவமாது வீடுதேடி வருவது நெடுங்கால நடைமுறை. அதனோடு தாய்மார் ஆதரவுக் குழுக்களும் சுகாதாரத் துறையின் ஊக்கத்தால் இயங்குகின்றன. 2016ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் 82 விழுக்காட்டினர் தாய்ப்பால் மட்டுமே பெற்றனர். இவ்வுயர்வு ஒரே காரணத்தால் விளைந்தது எனக் கூறவியலாது. ஆயினும், வீட்டு வருகையும் தாய்மார் குழுவும் ஒன்றையொன்று தாங்கும் அமைப்பு அங்கு உள்ளமை தெளிவு.

இந்தியாவில் வீட்டுநிலைப் பச்சிளங்குழந்தை பராமரிப்புக்கான தேசிய நெறிமுறை, மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் வீட்டில் சென்று காண வகுத்துள்ளது. மேற்கண்ட உடலியல் விளக்கத்தோடு பொருத்தினால், முதல் மூன்று நாள்களும் பாலூட்டலின் இடர்மிகு நாள்களே என்பது புலனாகும். பெருநகர் சென்னை மாநகராட்சியின் திருவொற்றியூர், இராயபுரம் முதலிய மண்டலங்களில் பணியாற்றும் நகர்ப்புற சுகாதாரச் செவிலியர்க்குத் தடுப்பூசி, கருவுற்றோர் பதிவு, தொற்றுநோய்ப் பணி எனப் பல கடமைகள் உள்ளன. அவர்களது பணியை ஆதரவுத் தாய் பதிலீடு செய்வதில்லை. இரு வருகைகளுக்கு இடையிலான நாள்களை நிரப்புகிறார்.

7. தன்னார்வமும் உழைப்பின் மதிப்பும்

சக தாய் ஆதரவு பற்றிய எழுத்துகளில் ‘தன்னார்வம்’ என்னும் சொல் ஐயமின்றி ஆளப்படுகிறது. வடசென்னை போன்ற பகுதியில் அச்சொல் ஆய்வுக்குரியது. நாட்கூலியை நம்பிய பெண்ணிடம் வாரம் ஆறு மணி நேரம் கேட்பது, அவளது வருவாயின் ஒரு பகுதியைக் கேட்பதாகும். ஊதியமின்றி உழைக்க இயல்வோர் சற்று வசதியுள்ள பெண்களாகவே இருப்பர். அந்நிலையில் ‘சக’ என்னும் அடைமொழி பொருளிழக்கிறது. அறிவுரை கூற வருபவர் மேலிருந்து வருபவராகிவிடுகிறார்.

ஆகவே, மதிப்பூதியமும் பயணச் செலவும் பயிற்சி நாள்களுக்கான ஈடும் இம்முறையின் உள்ளார்ந்த கூறுகளாகக் கருதப்பட வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர்கள் தம் உழைப்புக்குப் பணியாளர் என்னும் தகுதி கோரி நெடுங்காலமாகப் போராடி வருவது, ‘சேவை’ என்னும் பெயரால் பெண்ணுழைப்பு குறைத்து மதிப்பிடப்படும் போக்கை உணர்த்துகிறது. அதே பிழை மீண்டும் நிகழாதிருத்தல் வேண்டும். உதவி பெற்ற தாயே பின்னாளில் உதவும் தாயாக மாறும் தொடர்ச்சிதான் இதன் ஆற்றல். அத்தொடர்ச்சி சுரண்டலின் மீது எழுப்பப்பெற்றால் நிலைக்காது.

8. ஆதரவுத் தாயின் எல்லைகள்

அனுபவம் மட்டுமே தகுதியாகாது. தனக்கு நேர்ந்ததையே எல்லோர்க்கும் விதியாக்கும் ஆபத்து அனுபவத்தில் உள்ளது. கேட்டல், குறை கூறாமை, வாய்பற்றும் முறையை நோக்கல், பால் பீய்ச்சும் முறையைக் காட்டல் ஆகியவற்றோடு, எப்போது விலகி நின்று மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதே பயிற்சியின் முதன்மைப் பாடமாதல் வேண்டும். குழந்தை பால் குடிக்க மறுத்துச் சோர்ந்திருத்தல், சிறுநீர் குறைதல், மஞ்சள் நிறம் கைகால்வரை பரவுதல், காய்ச்சல், இரு வாரமாகியும் எடை மீளாமை ஆகியன குழந்தையிடம் காணும் எச்சரிக்கைக் குறிகள். தாயிடம் மார்பில் சிவப்பும் காய்ச்சலும், தொடர்ந்த மனச்சோர்வு, தன்னையோ குழந்தையையோ வெறுக்கும் எண்ணம் ஆகியன உடன் கவனிக்கத்தக்கவை. எச்.ஐ.வி. தொற்றுள்ள தாயின் பாலூட்டல் முடிவு முழுமையாக மருத்துவ வழிகாட்டலுக்குரியது. அங்கு மறைகாத்தல் இன்றியமையாதது.

பால்மாவு தரும் தாயை இகழாதிருத்தலும் ஆதரவுத் தாயின் ஒழுக்கநெறிகளுள் ஒன்று. நோயாலோ, வேலையாலோ, தன் விருப்பத்தாலோ தாய்ப்பாலைத் தொடராத தாய்க்கும் பாதுகாப்பாகப் புகட்டும் முறை அறிய உரிமையுண்டு.

முடிவுரை

தமிழ்நாட்டின் மகப்பேற்று அமைப்பு பிறப்பை மருத்துவமனைக்குக் கொண்டுவருவதில் ஏறத்தாழ முழு வெற்றி பெற்றுள்ளது. அவ்வெற்றியே அடுத்த பணியையும் சுட்டுகிறது. பிறப்பிடம் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு மாறியபோது, பேற்றுக்குத் துணைநின்ற பெண்களின் கூட்டறிவும் மெல்லப் பின்னகர்ந்தது. மறுகுடியமர்வும் உழைப்பு நெருக்கடியும் எஞ்சியதையும் சிதைத்தன. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான பகுதியில் இம்மூன்று மாற்றங்களும் ஒரே இடத்தில் குவிந்துள்ளன.

சக தாய் ஆதரவு அக்கூட்டறிவைப் பழைய வடிவில் மீட்பதன்று. சேனையும் தண்ணீரும் நீங்கிய, எடையும் சிறுநீரும் நோக்கத் தெரிந்த, எல்லையறிந்த புதிய வடிவில் அதை அமைப்பதாகும். மகப்பேறு மருத்துவமனையின் விடுவிப்புச் சீட்டில் அடுத்த தடுப்பூசி நாளோடு, தாய் செல்லும் தெருவுக்குரிய ஆதரவுத் தாயின் பெயரும் எழுதப்பெறும் நாளில் பத்தாம் படிநிலை நிறைவேறியதாகக் கொள்ளலாம். அதற்கு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், அங்கன்வாடி, மகளிர் சுயஉதவிக் குழு ஆகிய மூன்றின் இணைப்பு தேவை. தாய்வீட்டுக்குச் செல்லும் பெண் இருக்கும் இடத்தைப் பதிவுசெய்தல், மறுகுடியமர்வுப் பகுதிகளில் ஆதரவுத் தாய்மாரைத் தேர்ந்தெடுத்தல், மதிப்பூதியத்தின் அளவு ஆகியன குறித்த கள ஆய்வுகள் இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்கன.